குறைமாசக் குழந்தையோட கண் பரிசோதனை: தேதிய நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க

குழந்தை குறைமாசத்துல பொறந்து இப்ப என்ஐசியூல (பச்சக்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்குன்னா, மீதிய அப்புறம் படிங்க, மொதல்ல போய் குழந்தைகள் டாக்டர்கிட்ட "ஆர்ஓபி பரிசோதனை எந்தத் தேதி, யார் பாக்கப்போறாங்க?"ன்னு கேளுங்க. ஆர்ஓபிங்கறது குறைமாசக் குழந்தைங்களுக்கு கண்ணோட விழித்திரையில வர்ற ஒரு நோய், கவனிக்காம விட்டா பார்வையே போயிடலாம். "பாக்கலாம் சார், இன்னும் நாள் இருக்கு"ன்னு சொன்னா விட்டுடாதீங்க, தேதிய சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. இத எங்ககிட்ட யாரும் சொல்லல. சொல்லாததால நாங்க பட்ட பாட்ட வேற யாரும் படக்கூடாதுன்னுதான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதுறேன்.

என் மனைவிக்கு பிரஷர் திடீர்னு ஏறி, இனி காத்திருந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்துன்னு சொல்லி 29வது வாரத்துலயே ஆபரேஷன் பண்ணி குழந்தைய எடுத்தாங்க. பொண்ணு, 1280 கிராம். மனைவி ஒரு பக்கம் ஐசியூ, குழந்தை இன்னொரு பக்கம் என்ஐசியூ, நடுவுல நான் ஒருத்தன். அந்த நாட்கள்ல நம்ம மூளைக்குள்ள ஓடுறது மூணே விஷயம்தான், மூச்சு விடுதா, பால் செரிக்குதா, எடை ஏறுதா. ஆக்சிஜன், நடுவுல ஒரு இன்ஃபெக்ஷன், ரத்தம் ஏத்துனது, மறுபடியும் ஆக்சிஜன்னு எல்லாத்தையும் தாண்டி வந்தா. கண்ணுன்னு ஒன்னு இருக்கு, அதுக்கு தனியா ஒரு ஆபத்து இருக்குன்னு எனக்குத் தோண வழியே இல்ல, ஏன்னா பாக்க கண்ணு ரெண்டும் அவ்ளோ அழகா, கருகருன்னு இருந்துச்சு.

கர்ப்பக் கணக்குல 34 வாரம் தாண்டி எடை ஏறினதும் டிஸ்சார்ஜ் பண்ணாங்க. வீட்டுக்குப் போறோம்ங்கிற சந்தோஷத்துல சீட்டு முழுக்க படிச்சேன், மருந்து, விட்டமின் சொட்டு, தடுப்பூசி எல்லாத்துக்கும் தேதியும் அளவும் இருந்துச்சு. அடியில ஒரே ஒரு வரி, "கண் பரிசோதனை செய்ய அறிவுறுத்தப்படுகிறது". தேதி இல்ல, எங்கன்னு இல்ல, தள்ளிப்போட்டா என்ன ஆகும்னு இல்ல. அதப் படிக்கிற எவனுக்கும் அது ஏதோ சாதாரண செக்கப் மாதிரிதான் தெரியும். அப்புறமா விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது, அங்க கண் டாக்டர் வெளியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வருவாராம், எங்க பொண்ணுக்குப் பாக்க வேண்டிய வாரம் அவர் வரல, அடுத்த வாரத்துக்குள்ள இவள என்ஐசியூலருந்து வார்டுக்கு மாத்திட்டாங்க, லிஸ்ட்ல பேரு விட்டுப்போச்சு. ரெண்டு டிபார்ட்மெண்டுக்கு நடுவுல ஒரு குழந்தையோட பார்வை இப்படித்தான் விழுந்துபோகுது. இதுல எனக்கு இன்னிக்கும் கோபம் இருக்கு.

எடை பாக்கப் போன அன்னிக்குத்தான் ஒரு சிஸ்டர், டேப்ப வச்சு தலை அளந்துகிட்டே, "ஆர்ஓபி பாத்தாச்சா சார்?"ன்னு கேட்டாங்க. "அப்படின்னா என்ன சிஸ்டர்?"னு கேட்டேன். அளந்த டேப்ப கீழ வச்சுட்டாங்க. "இன்னிக்கே போங்க சார், நாளைக்குன்னு வேணாம்"னாங்க. நான் பக்கத்துல இருந்த கண் கிளினிக்குக்குத்தான் ஓடினேன். அங்க டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "கண்ணு நல்லா இருக்கு, ஒன்னும் பிரச்சனை இல்ல, ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அந்த நிம்மதியில அப்படியே வீட்டுக்குப் போயிருப்போம், ஆனா சிஸ்டர் டேப்ப கீழ வச்ச விதம் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அவங்களுக்கே போன் பண்ணி கேட்டேன். "மருந்து விட்டு கண்ணு விரிய வச்சு உள்ள பாத்தாங்களா?" இல்லைன்னேன். "அப்ப அது ஆர்ஓபி பரிசோதனையே இல்ல சார், ரெட்டினா டாக்டர்கிட்ட போங்க, அதுலயும் குறைமாசக் குழந்தைங்களப் பாக்கறவங்களான்னு கேட்டுட்டுப் போங்க"ன்னாங்க. இது ரொம்ப முக்கியம், கவனிச்சுக்கோங்க. இந்த நோய் கண்ணோட பின்பக்கம், விழித்திரையோட ஓரத்துல வர்றது. வெளியிலருந்து டார்ச் அடிச்சா ஒன்னுமே தெரியாது. கண்ணு சிவக்காது, நீர் வடியாது, வலிக்காது. கருவிழி நடுவுல வெள்ளையா தெரியுதேன்னு பெத்தவங்க கண்டுபிடிக்கிற நேரத்துல பெரும்பாலும் விழித்திரை மொத்தமா கழண்டிருக்கும்.

அடுத்த ரெண்டு நாள் போன்லயே போச்சு. கண் ஆஸ்பத்திரின்னு போர்டு இருக்கிற எல்லா இடத்துலயும் இத பாக்க மாட்டாங்க. சில இடத்துல "கொண்டு வாங்க, பாக்கலாம்"னு சொல்லுவாங்க, கொண்டு போனா எடை கம்மியா இருக்கே, எங்ககிட்ட குழந்தைக்கு மூச்சுத் திணறினா பாக்க வசதி இல்லையேன்னு திருப்பி அனுப்புவாங்க. அதனால போன்லயே மூணு கேள்வி கேட்டுடுங்க: ஆர்ஓபி பாக்கற டாக்டர் இருக்காரா, எந்தெந்த நாள் பாக்கறாரு, ட்ரீட்மெண்ட் தேவைப்பட்டா அங்கயே லேசர் பண்ற வசதி இருக்கா. இந்த மூணாவது கேள்விய விட்டா ஒரு எடத்துல கண்டுபிடிச்சு இன்னொரு எடத்துக்கு அலையணும், இதுல ஒரு நாள் போறதும் பெரிய நஷ்டம்.

ஒருவழியா சரியான எடத்துக்குப் போனோம். மனைவிக்கு இன்னும் பிரஷர் அடங்கல, உக்கார முடியல, அதனால நானும் குழந்தையும் மட்டும்தான். பரிசோதனை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுகிட்டு போங்க, தெரியாம போனா மனசு ஒடஞ்சிடும். கண்ணுல சொட்டு மருந்து விடுவாங்க, பத்து பதினஞ்சு நிமிஷ இடைவெளியில ரெண்டு மூணு தடவை, கண்ணோட பாப்பா (கருவிழி நடுவுல இருக்கிற ஓட்டை) முழுசா விரிய முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம் ஆகும். கன்னத்துல வழியிற மருந்த பஞ்சால ஒத்தி எடுத்துகிட்டே இருக்கணும், தோல் வழியா உடம்புக்குள்ள போயி துடிப்பையும் பிரஷரையும் பாதிக்கக்கூடாதுன்னு. அந்த மருந்தால கண்ணச் சுத்தி தோல் அப்படியே வெளுத்துப்போச்சு, நான் பதறிட்டேன், அது சகஜம், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு சொன்னாங்க, ஆச்சு. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாடிலருந்து பால் குடுக்காதீங்க, வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்ல போயிடலாம், ஆனா அதுக்காக ரொம்ப நேரம் பட்டினியும் போடக்கூடாது. துணியில கை கால் அசையாம சுத்தி, மரத்துப்போற மருந்து விட்டு, இமைய விரிச்சுப் பிடிக்க ஒரு சின்னக் கம்பி கிளிப் மாட்டுவாங்க. டாக்டர் நெத்தியில லைட் மாட்டிகிட்டு, கையில ஒரு லென்ஸ வச்சுகிட்டு, இன்னொரு சின்னக் கருவியால கண்ண லேசா அழுத்தித் திருப்பி ஓரம் வரைக்கும் பாப்பாரு. குழந்தை வீறிட்டு அழும். எங்களுக்கு சர்க்கரைத் தண்ணி சொட்டு நாக்குல வச்சாங்க, அது வலியக் கொஞ்சம் குறைக்கும்னு. முடிஞ்சப்புறம் உடனே கிளம்பாதீங்க, சில குழந்தைங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வரும், துடிப்பு குறையும், அதனால கொஞ்ச நேரம் அங்கயே உக்காருங்க. வெள்ளைமுழி லேசா சிவந்திருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிடும்.

டாக்டர் கேமராவுல எடுத்த படத்த திரையில காட்டுனாங்க. ஆரஞ்சு நிறத்துல ஒரு வட்டம், நடுவுலருந்து ரத்தக்குழாய் கிளம்பி வெளிய போகுது. நேரா போக வேண்டிய குழாய் எல்லாம் வீங்கி நெளிஞ்சு நெளிஞ்சு போச்சு. ஒரு எடத்துல சட்டுன்னு நின்னு, அங்க வரப்பு மாதிரி ஒரு கோடு, அதுக்கு மேல செக்கச்செவேல்னு புதுசா முளைச்ச குழாய்ங்க. "ரெண்டு கண்லயும் ஸ்டேஜ் 3, ஜோன் 2, ப்ளஸ் இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள லேசர் பண்ணணும், நாளைக்கே பண்ணிடலாம்"னு சொன்னாங்க. எனக்கு காது அடைச்சிடுச்சு. வெளிய வந்து மனைவிக்கு போன் பண்ணா "என்னங்க, கண்ணு நல்லாருக்குதானே?"ன்னு கேக்குறா, என்ன சொல்றதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன்.

அந்த மூணு வார்த்தையும் எனக்குப் புரிய ராத்திரி முழுக்க ஆச்சு, உங்களுக்கு இங்கயே சொல்லிடறேன். விழித்திரைக்கு ரத்தக்குழாய் வயித்துல ஏறக்குறைய 16வது வாரத்துல நடுவுலருந்து வளர ஆரம்பிச்சு, கொடி படர்ற மாதிரி மெல்ல ஓரம் வரைக்கும் போகும், மூக்குப் பக்கம் 36 வாரம் வாக்குல, காதுப் பக்கம் கிட்டத்தட்ட 40 வாரத்துலதான் முடியும். 29ல வெளிய வந்துட்டா பாதி வழியில நிக்குது. வெளிய கிடைக்கிற ஆக்சிஜன் வயித்துக்குள்ள இருக்கறத விட அதிகம், அதனால மொதல்ல வளர்ச்சி நின்னுபோகுது. விழித்திரை வளர வளர அந்த வெறும் பகுதிக்கு ரத்தம் பத்தல, அப்ப அது விஇஜிஎஃப்னு ஒரு பொருள நிறைய சுரந்து குழாய வாவான்னு கூப்பிடுது, வர்ற குழாய் எல்லாம் கோணல்மாணலா, பலம் இல்லாம, போகக்கூடாத எடத்துல முளைக்குது. அது சுருங்கி இழுத்தா விழித்திரை கழண்டுடும். ஸ்டேஜ் 1ங்கறது கோடு, 2ங்கறது மேடு, 3ல புதுக் குழாய், 4ல கொஞ்சம் கழண்டது, 5ல மொத்தமா கழண்டது. ஜோன்ங்கறது எடம், 1 நடு, 3 ஓரம், நடுவுக்கு நெருங்க நெருங்க ஆபத்து கூட. ப்ளஸ்ன்னா குழாய் வீங்கி நெளிஞ்சிருக்கு, நோய் வேகமா இருக்குன்னு அர்த்தம். ஸ்டேஜ் 1, 2 வர்ற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது தானா அடங்கிடும், அதனால பேரைக் கேட்டவுடனே இடிஞ்சு போயிடாதீங்க. ஆனா அடங்குதா ஏறுதான்னு பாக்க அவங்க சொல்ற வாரத்துல கண்டிப்பா போகணும். ஒரு வாரத்துல ஆளே மாறிடும் இந்த நோய்.

லேசருக்குக் கையெழுத்து போடுறப்ப டாக்டர் ஒளிவுமறைவு இல்லாம சொன்னாங்க, ரத்தக்குழாய் போகாத அந்த ஓரப் பகுதிய நூத்துக்கணக்கான புள்ளியா, சில நேரம் ஆயிரத்துக்கும் மேல, சுட்டு செயலிழக்க வைக்கிறோம், ஓரப்பார்வை கொஞ்சம் போகும், நடுப்பார்வைய காப்பாத்த அந்த விலை குடுத்துதான் ஆகணும்னு. ஊசி போடுறதும் உண்டு, கண்ணுக்குள்ள விஇஜிஎஃப்ப அடக்குற மருந்து. பெவாசிசுமேப், ரானிபிசுமேப்னு பேரு. நோய் நடுப்பகுதியில, ஜோன் 1ல, வேகமா இருக்கறப்ப அத அதிகமா தேர்ந்தெடுப்பாங்களாம். ஊசி சீக்கிரம் முடிஞ்சிடும், ஆனா மாசக்கணக்குல கழிச்சு கூட நோய் திரும்ப வரலாம், அதனால தொடர்ந்து பாக்கற காலம் நீளும். எங்க விஷயத்துல லேசர்தான்னாங்க. எது பண்ணாலும் மயக்க மருந்து டாக்டரும் குழந்தைகள் டாக்டரும் பக்கத்துல இருப்பாங்களா, பண்ணின பிறகு மூச்சுக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டா என்ஐசியூ பெட் இருக்கான்னு முன்னாடியே கேளுங்க. எங்க பொண்ணுக்கு ஒரு ராத்திரி ஆக்சிஜன் தேவைப்பட்டுச்சு.

சொந்தக்காரங்க வந்து "அந்த ஆஸ்பத்திரில ஆக்சிஜன் குடுத்துதான் கண்ணக் கெடுத்துட்டாங்க"ன்னு ஆளாளுக்குப் பேசுனாங்க, மனைவி அதக் கேட்டு அழுதுகிட்டே இருந்தா. இதுல பாதி உண்மை இருக்கறதாலதான் பதில் சொல்றது கஷ்டம். 1942ல பாஸ்டன்ல டெர்ரின்னு ஒரு டாக்டர் இந்த நோய மொதல்ல எழுதினாரு, 1951ல மெல்போர்ன்ல கேட் காம்ப்பெல்னு ஒரு குழந்தைகள் டாக்டர் அதிக ஆக்சிஜனோட இதுக்கு சம்பந்தம் இருக்குன்னு காட்டுனாங்க, அந்தக் காலகட்டத்துல உலகம் முழுக்க கிட்டத்தட்ட 10,000 குழந்தைங்க பார்வை போயிடுச்சு. பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950ல குறைமாசத்துல பொறந்து இப்படித்தான் பார்வை இழந்தாரு. அப்புறம் பயந்துபோயி ஆக்சிஜன ஒரேயடியா குறைச்சாங்க, அப்ப குழந்தைங்க செத்தும் போச்சு, மூளை பாதிச்சும் போச்சு. அதனால ஆக்சிஜன் குடுத்தது தப்பில்ல, அது இல்லைன்னா இன்னிக்கு என் பொண்ணே இல்ல. அளவு பாத்து குடுத்தாங்களாங்கறதுதான் கேள்வி. இப்ப குறைமாசக் குழந்தைக்கு சாட்சுரேஷன், அதாவது ரத்தத்துல இருக்கிற ஆக்சிஜன் அளவு, 90லருந்து 95 சதவீதத்துக்குள்ள வைக்கப் பாக்கறாங்க. குழந்தை ஆக்சிஜன்ல இருக்கறப்ப மானிட்டர்ல 99, 100ன்னு காட்டிகிட்டே இருந்தா "நல்லா இருக்கு"ன்னு சந்தோஷப்படாம சிஸ்டர்கிட்ட மெதுவா கேளுங்க. தாய்ப்பால், இன்ஃபெக்ஷன் வராம கைய சுத்தமா வச்சுக்கறது, எடை ஒழுங்கா ஏறுறது எல்லாமே கண்ணுக்கும் நல்லது.

யாருக்கெல்லாம் பாக்கணும்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவுல 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2000 கிராமுக்குக் கம்மியா இருந்தாலோ பாக்கணும், 34லருந்து 36 வாரம் ஆனாலும் ஆக்சிஜன், இன்ஃபெக்ஷன், ரத்தம் ஏத்துனதுன்னு ஏதாவது இருந்திருந்தா பாக்கணும். அமெரிக்காவுல 30 வாரம் வரைக்கும், இல்ல 1500 கிராம் வரைக்கும். இங்கிலாந்துல 31 வாரத்துக்குக் கீழ, இல்ல 1501 கிராமுக்குக் கீழ. ஆக்சிஜன துல்லியமா அளந்து குடுக்க வசதி குறைவா இருக்கிற எடங்கள்ல கொஞ்சம் பெரிய குழந்தைக்குக் கூட பலமா வருது, அதான் வித்தியாசம். இணையத்துல அமெரிக்கக் கணக்க படிச்சுட்டு "நம்ம குழந்தை 1700 கிராம், தேவையில்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. முதல் பரிசோதனை பொதுவா பொறந்து 4 வாரத்துல. 28 வாரத்துக்குக் கீழ, இல்ல 1200 கிராமுக்குக் கீழன்னா இந்தியாவுல 2, 3 வாரத்துலயே பாக்கச் சொல்றாங்க. வீட்டுக்கு வந்துட்டாலும், வார்டு மாறினாலும், வேற ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தத் தேதி மாறாது. மறுபடி பாக்கற தேதியும் அப்படித்தான், சளி, தடுப்பூசி, வீட்டு விசேஷம்னு தள்ளாதீங்க, குழந்தை ஆஸ்பத்திரில படுத்திருந்தா கண் டாக்டர அங்க வரச் சொல்லிக் கேளுங்க.

பணம்னு பாத்தா, லேசருக்கு ஆன செலவ விட மத்தது அதிகம். வாராவாரம் வண்டி, கூடவே சம்பளமில்லா லீவு, லேசருக்கு அப்புறம் என்ஐசியூ பெட். சேத்து வச்சது கரைஞ்சு, தெரிஞ்சவங்ககிட்ட கடன் வாங்கித்தான் சமாளிச்சேன். இன்ஷூரன்ஸ் இருக்குன்னு தைரியமா இருந்தேன், குழந்தை பேர பாலிசில சேத்தாதான் குடுப்போம்னு இழுத்தாங்க, வெளிநோயாளி பரிசோதனைக்கு எதுவும் இல்லைன்னாங்க. அதனால பொறந்த வாரத்துலயே குழந்தைய பாலிசில சேக்க என்ன பண்ணணும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. அரசு ஆஸ்பத்திரிலயோ அறக்கட்டளை கண் ஆஸ்பத்திரிலயோ இதே ட்ரீட்மெண்ட் கிடைக்குமான்னும் கேட்டுடுங்க, பணம் புரட்டுறேன்னு நாள் கடத்த இதுல நேரமே கிடையாது.

லேசர் முடிஞ்ச அடுத்த வாரம் படத்துல அந்த நெளிவு குறைஞ்சிருந்துச்சு, அதுக்கடுத்த தடவை அந்தச் சிவப்பு வரப்பு தேஞ்சுபோச்சு, அப்பதான் எனக்கு சாப்பாடு எறங்குச்சு. இப்ப பொண்ணு நடக்கறா. கண்ணாடி போட்டிருக்கா, தலைய சுத்தி பட்டை வச்சது, நல்ல மைனஸ் பவர், இடது கண்ணு லேசா உள்பக்கமா ஒதுங்குதுன்னு, அதுக்கு வேலை குடுக்க வலது கண்ண தினமும் கொஞ்ச நேரம் மறைச்சு விடறோம். லேசர் பண்ணின குழந்தைங்களுக்கு கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பேறிக் கண் எல்லாம் வர வாய்ப்பு அதிகம், லேசர் பண்ணாம தானா அடங்கின குழந்தைங்களுக்கும் குறைமாசத்துல பொறந்ததாலயே கண்ணாடி தேவைப்படலாம், அதனால "ஆர்ஓபி சரியாயிடுச்சு"ன்னு சொன்னதோட நிறுத்தாம வருஷா வருஷம் காட்டணும். பல வருஷம் கழிச்சு, பெரியவங்களான பிறகு கூட விழித்திரை கழல வாய்ப்பு இருக்குங்கறாங்க. அதனால பொறந்த வாரம், எடை, எந்தத் தேதில எந்த ஸ்டேஜ், என்ன பண்ணாங்கங்கற எல்லா சீட்டையும் படத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு, போன்லயும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். எந்த ஊருக்கு எந்த டாக்டர்கிட்ட மாறினாலும் மொதல்ல அததான் கேக்கறாங்க.